ஒரு நொடி மட்டும் அடித்த அலாரம்

அந்த வருடம் நான் பொறியியல் முடித்துவிட்டு, வேலைக்கு விண்ணப்பங்கள் அனுப்பிக்கொண்டு, தூத்துக்குடியில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு மாடுலர் சிந்தசைசர் கட்டிக்கொண்டிருந்தேன். கடையில் கிடைக்கிற கீபோர்டு மாதிரி ஒரே பெட்டியாக வருவதில்லை அது. சத்தம் எழுப்ப ஒரு சர்க்யூட் பலகை, அந்தச் சத்தத்தை வடிகட்ட ஒன்று, ஏற்றி இறக்க ஒன்று என்று தனித்தனியாகச் செய்து, வயர்களால் கோத்துத்தான் வாசிக்க வேண்டும். ஐந்து பலகை முடிந்து ஒரு மரப்பெட்டியில் திருகி வைத்திருந்தேன். மாடிக்கு வந்த அக்கா அதைப் பார்த்துவிட்டு, "ஏலே, கரண்டு ஆபீஸக் கழட்டிக் கொண்டாந்துட்டியா?" என்று கேட்டாள்.

ஆறாவது, டிரம் பலகை. 'டும்' என்று ஓர் அடி விழ வேண்டுமானால் அதற்கு யாராவது 'இப்போ' என்று சொல்ல வேண்டும். மின்சாரத்தில் அதைச் சொல்ல இரண்டு வழி உண்டு. விசையை அழுத்தியிருக்கும் வரை ஏறி நிற்கிற மின்னழுத்தம் ஒன்று. அதற்கு கேட் என்று பெயர். அழுத்திய கணத்தில் மட்டும் துள்ளிவிட்டு அடங்குவது இன்னொன்று, டிரிகர். கையை எடுக்க மறந்தாலும் டிரம் ஒரே தடவைதான் அடிக்க வேண்டும். ஆகவே எனக்கு வேண்டியது டிரிகர்.

எவ்வளவு சின்ன சர்க்யூட் தெரியுமா! கேட் வருகிற வழியில் ஒரு கெபாசிட்டர். அதைத் தாண்டி கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர். கெபாசிட்டர் நிற்கிற மின்னழுத்தத்தை விடாது, மாறுகிறதை மட்டும்தான் விடும். கேட் ஏறும்போது ஒரு துள்ளல் தாண்டி வரும், உடனே ரெசிஸ்டர் வழியாக வடிந்துவிடும். கேட் இறங்கும்போது தலைகீழாக ஒரு துள்ளல் வரும். அதை மறிக்க ஒரு டையோடு. கடைசியில் துள்ளலுக்குக் கொஞ்சம் பலம் கொடுக்க ஒரு டிரான்சிஸ்டர். பத்து நானோ கெபாசிட்டரும் நூறு கிலோ ரெசிஸ்டரும் போட்டால் ஒரு மில்லி நொடி. டிரம்முக்கு அது தாராளம். காகிதத்தில் வரைந்து, பலகையில் அரித்து, துளைபோட்டு, பற்றவைத்து, இரண்டே நாளில் முடித்தேன். ஒன்று கெட்டால் இருக்கட்டும் என்று இரண்டு பலகை செய்தேன்.

அந்த இரண்டாவது பலகையைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அக்காவின் கணவர், என் மச்சான், கடலுக்கடியில் இறங்கிச் சங்கு குளிக்கிறவர். எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு தள்ளி வீடு. ஒரு மத்தியானம் சோறு சாப்பிட்டுக்கொண்டே அவரிடம் டிரிகர் என்றால் என்ன என்று நான் விளக்கப் போக, பாதியிலேயே அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

"இது எங்க கயிறு மாதிரிலாலே இருக்கு" என்றார். "அடியில நின்னு பேச முடியுமா? ஒரு சுண்டு சுண்டுனா கயிறு விடு. ரெண்டுன்னா பையத் தூக்கு. மூணுன்னா என்னத் தூக்கு. சுண்டிட்டு விட்டுருவோம். எவனும் புடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்க மாட்டான்."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. படித்த புத்தகங்களில் இல்லாத ஓர் உதாரணம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டிலேயே கிடைத்துவிட்டது. ஒரு சுண்டு போதும், ஒரு சுண்டு போதும் என்று இரண்டு மூன்று நாள் அதையே பேசிக்கொண்டு அலைந்தேன்.

அவர்கள் வள்ளத்தில் கயிறு பிடித்தவன் என்னோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் படித்தவன். வள்ளத்தின் பின்பக்கம் ஒரு கம்ப்ரசர். எஞ்சினிலிருந்து ஒரு பெல்ட் அதைச் சுற்றும். அங்கிருந்து நீளமான டியூப் கடலுக்குள் போகும். அதன் நுனியை வாயில் கவ்விக்கொண்டு மச்சான் அடியில் நடந்து சங்கு பொறுக்குவார். எஞ்சின் நின்றால் மேலே இருப்பவனுக்கு உடனே தெரியும். ஆனால் பெல்ட் அறுந்தால் எஞ்சின் பாட்டுக்கு அதே சத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும், காற்று மட்டும் போகாது. அதற்காகத்தான் காற்று டாங்கியில் ஒரு அழுத்தச் சுவிட்சும் ஒரு அலாரமும். அழுத்தம் இறங்கினால் கத்தும். கத்தினால், கீழிருந்து சுண்டல் வரட்டும் என்று காத்திராமல் ஆளை இழுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் வைத்திருந்த விதி.

அந்தப் பழைய அலாரப் பெட்டி உப்புக்காற்றில் அரித்துப் போயிருந்தது. மச்சான் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொண்டுவந்தார். கூடவே வந்த அந்தக் கயிறு பிடிக்கிற தோழன், "செத்ததும் நல்லதுதான்" என்றான். "கரைக்கு வந்து டாங்கில காத்த எறக்குனா அது பாட்டுக்குக் கத்திக்கிட்டே கெடக்கும். வயரப் புடுங்கிப் போட்டாத்தான் வாய மூடும். ரெண்டு வாட்டி புடுங்குன வயர மாட்ட மறந்துபோய் கடலுக்குப் போயிட்டோம். இம்சையில்லாம ஒண்ணு செஞ்சு குடும் இஞ்சினியரே."

அவன் அப்படிக் கேட்டது உண்மை. பிற்பாடு எத்தனையோ நாள் இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருக்கிறேன். ஆனால் அவன் கேட்டது கரையில் கத்தாத பெட்டி. நான் செய்து கொடுத்தது கடலிலும் கத்தாத பெட்டி.

மேசையில் அந்த இரண்டாவது டிரிகர் பலகை சும்மா கிடந்தது. பத்து நானோவைக் கழற்றிவிட்டுப் பத்து மைக்ரோ போட்டேன். ஆயிரம் மடங்கு. மில்லி நொடி, நொடி ஆகிவிட்டது. டிரம்முக்குப் போக வேண்டிய வயரை ஒரு பெரிய பஸ்ஸருக்குக் கொடுத்தேன். அழுத்தம் இறங்கினால் ஒரு நொடி முழுக்கக் கத்தும், பிறகு தானாக அடங்கும். வயரைப் பிடுங்கவே வேண்டாம். பெட்டியின் ஓரத்தில் ஒரு ஆன்-ஆஃப் சுவிட்ச். முக்கால் மணி நேர வேலை.

டாங்கியின் அழுத்தச் சுவிட்சையும் பஸ்ஸரையும் நேராக இரண்டு வயரால் இணைத்து, வாய் மூட ஒரு பொத்தான் வைத்திருந்தாலே போதும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பற்றவைத்துக்கொண்டிருக்கும்போதே தோன்றியது: காற்று இல்லை என்பது ஒரு துள்ளல் இல்லை, அது ஒரு நிலை, காற்று வரும் வரைக்கும் அது நீடிக்கும். பிறகு இன்னொரு பகுதியைச் சேர்த்துத் தொடர்ந்து கத்த வைத்துவிடலாம், அடுத்த வாரம் செய்யலாம் என்று நினைத்தேன். அன்று மாலைக்குள் டிரம்மைப் பதிவு செய்து இணையக் குழுவில் போட வேண்டும் என்று எனக்கு அவசரம். தவிர, என் சர்க்யூட் கடலுக்குப் போகிறது என்ற குஷி. அது இரண்டு வயரால் போகக்கூடாது, என் சர்க்யூட்டாகவே போக வேண்டும் என்று இருந்தது எனக்கு.

வீட்டு முற்றத்தில் வைத்து அடித்துக் காட்டினேன். அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். தோழன் சிரித்தான்: "கொஞ்சமாக் கத்துனாலும் நல்லாத்தாம்லே கத்துது. ஒங்க அக்கா மாதிரி இல்ல." அக்கா கையிலிருந்த அகப்பையை அவன் மேல் வீசினாள்.

மூன்று வாரம் ஒன்றும் இல்லை. ஒரு புதன்கிழமை பத்து மணிக்கு மச்சானைத் துண்டால் காதைப் பொத்தி ஆட்டோவில் கொண்டுவந்தார்கள்.

நடந்தது இவ்வளவுதான். ஒன்பது பாகம், அதாவது ஐம்பதடிக்கு மேல், ஆழத்தில் மச்சான் இருந்திருக்கிறார். மேலே என் தோழன் ஒரு பை சங்கை அப்போதுதான் தூக்கி, வள்ளத்தின் பலகைத் தளத்தில் கொட்டியிருக்கிறான். அந்த நேரத்தில் பெல்ட் அறுந்திருக்கிறது. மச்சான் உறிஞ்சினார், காற்று வரவில்லை. மூன்று சுண்டு சுண்டிவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த ஈயத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறினார். சுண்டல் கிடைத்ததும் தோழன் உயிரைக் கொடுத்து இழுத்திருக்கிறான். வந்த வேகத்தில் இடது காதுச் சவ்வு கிழிந்துவிட்டது. மூன்று மாதம் கடலில் இறங்கக்கூடாது, அதற்குப் பிறகும் எவ்வளவு கேட்கும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அன்று மாலையே கரையில் பேச்சு கிளம்பிவிட்டது. அலாரம் இருக்கிறது, பெல்ட் அறுந்திருக்கிறது, சுண்டுகிற வரைக்கும் கயிறு பிடிக்கிறவன் என்ன செய்துகொண்டிருந்தான்?

"அலாரம் அடிக்கல" என்றான் அவன்.

"செல்லப் பாத்துக்கிட்டு இருந்திருப்பான்" என்றார் ஒருவர்.

"அந்தோணியார் மேல சத்தியமா அடிக்கலண்ணே."

வள்ளத்துக்குச் சொந்தக்காரர், சம்மாட்டி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், என்னை வரச்சொல்லி ஆளனுப்பினார். போனேன். பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். வள்ளத்தைக் கரையேற்றி, புது பெல்ட் மாட்டி, டாங்கியில் காற்று நிரப்பி, எஞ்சினை அணைத்து வைத்திருந்தார்கள். "நீதான செஞ்ச. அடிக்கா, இல்லையா? சோதிச்சுச் சொல்லு" என்றார் சம்மாட்டி.

வள்ளத்துக்குள் ஏறி டாங்கி வால்வைத் திறந்தேன். காற்று சீறி இறங்கியது. சட்டென்று பஸ்ஸர் கத்தியது. எஞ்சின் ஓடாத அந்தக் கரையில், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அமைதியில், அது கோவில் வெடி மாதிரி கேட்டது. எனக்குத் தெரியும், அந்த ஒரு நொடி முடிந்ததும் அதுவே அடங்கிவிடும். அடங்குவதை அவர்கள் பார்த்தால் யாராவது ஒருத்தர், ஏன் நின்றது என்று கேட்பார். அது அடங்குவதற்கு முன்னால் என் கை போய்ப் பெட்டிச் சுவிட்சை அணைத்தது.

"அடிக்குதே!" என்றார்கள் நாலைந்து பேர் ஒரே குரலில்.

"ம். வேலை செய்யுது" என்றேன்.

தோழன் என்னைப் பார்த்தான். நான் வயரைச் சுருட்டுவது போலக் குனிந்துகொண்டேன்.

பொய் என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. அதையும் கணக்குப் போட்டுத்தான் பேசியிருக்கிறேன் என்பது இன்றைக்கு யோசித்தால் தெரிகிறது.

கயிறு பிடிப்பதற்கு என்று படிப்பு எதுவும் இல்லை. கீழே போகிறவன் நம்ப வேண்டும், அவ்வளவுதான். ஒரு தடவை அந்தப் பெயர் கெட்டால் எங்கள் திரேஸ்புரம் கரையில் எந்த வள்ளமும் கூப்பிடாது. அவனையும் யாரும் கூப்பிடவில்லை. அம்மாவும் தங்கையும் இருக்கிற வீட்டில் அவன் வருமானம்தான் வருமானம். ஒரு வாரத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் உடைக்கிற இடத்தில் வேலைக்குப் போகிறான் என்று அக்கா சொன்னாள். சொல்லிவிட்டு, "ஐஸ்ல கெடக்கட்டும் பாவி, அப்பவாவது முழிச்சுக்கிட்டு இருப்பான்" என்றாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் நான் என்ன செய்தேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. என் டிரம் பதிவை இணையக் குழுவில் பலருக்குப் பிடித்திருந்தது. எந்த ஊர் என்றே தெரியாத ஒருவர், சர்க்யூட் படம் கிடைக்குமா, எங்கே கேட் போட வேண்டும், எங்கே டிரிகர் போட வேண்டும் என்று கேட்டிருந்தார். அவருக்கு ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல டிரிகர், ஒரு நிலையைச் சொல்ல கேட், இரண்டையும் குழப்பினால் ஆபத்து என்று எண் போட்டு விளக்கினேன். அனுப்பிவிட்டு எழுந்தபோது ஜன்னல் வழியாகக் கீழே மச்சான் போய்க்கொண்டிருந்தார். இடதுபுறம் பின்னாலிருந்து ஒரு பைக் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் விலகவில்லை.

அன்றே உட்கார்ந்து புதுப் பெட்டி ஒன்று செய்தேன். அழுத்தம் இறங்கினால் கத்தும். யாராவது கையால் பொத்தானை அழுத்துகிற வரைக்கும் நிற்காது. இதைக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது போல, முதல் பெட்டியை விட அழகாகச் செய்தேன். யாருக்குக் கொடுப்பது, என்ன சொல்லிக் கொடுப்பது என்று தெரியாமல் நாலு நாள் பையிலேயே வைத்திருந்தேன்.

பிறகு ஒரு சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். மச்சான் நாற்காலியில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மச்சானுக்கு இடதுபுறம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, "மச்சான், அந்த அலாரத்துல தப்பு எம்மேலதான்" என்று ஆரம்பித்து முழுவதையும் சொல்லி முடித்தேன்.

"என்னலே முணங்குத? அந்தப் பக்கம் கேக்காதுன்னு தெரியாதா? இங்கிட்டு வந்து சொல்லு."

எழுந்து வலதுபுறம் போய் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். இந்தத் தடவை குசினியில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. கையெல்லாம் செதிலோடு அக்கா வாசலில் வந்து நின்றாள்.

"ஒன் வெளையாட்டுச் சாமானையாலே எம்புருசன் உசிருக்குக் காவல் வச்ச?"



"ஏளா, நீ சும்மாயிரி" என்றார் மச்சான். டி.வி.யை அணைத்தார். ரிமோட்டைக் கையில் உருட்டினார். "எனக்குச் சவ்வு கூடிரும்னு டாக்டர் சொல்லுதாரு. அது போகட்டும். கயிறு புடிச்ச பயலுக்கு நானும் ஒரு வார்த்த பேசல பாத்தியா? நானே நம்பிட்டேன்லே, அவன் தூங்கிட்டாம்னு. எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? அவங்கிட்ட போய்ச் சொல்லு."

மறுநாள் காலை ஐஸ் உடைக்கிற இடத்துக்குப் போனேன். காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு பாளம் பாளமாக இயந்திரத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை. இயந்திரம் நின்ற பிறகுதான் வெளியே வந்தான். நான் வாயைத் திறப்பதற்குள், "தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு நீ சுவிட்ச அணச்சத பாத்தேன். அடிச்சு முடிக்கல, அதுக்குள்ள எதுக்கு அணைக்கான்னு நெனச்சேன். ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சா வெளங்கிட்டு. ஒங்க வீட்டு முத்தத்துலயும் ஒரு வாட்டிதான கத்துச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாம்லலே?"

"நான் சொன்னா? எவன் கேப்பான்? நீ இஞ்சினியரு. நான் கயிறு புடிக்கவன்." சாக்கிலிருந்த தண்ணீரைப் பிழிந்தான். "நீயே சொல்லுவன்னு ரெண்டு நாளு பாத்தேன். பொறவு இங்கன வந்துட்டேன்."

சம்மாட்டியிடம் வந்து சொல்கிறேன், எல்லார் முன்னாலும் சொல்கிறேன் என்றேன். தலையை ஆட்டினான். "வேண்டாம். கூடப் படிச்சவன், பாவம் பாத்துப் பழிய எடுத்துக்கிடுதாம்பானுவ. எஞ்சின ஓட விட்டுக் கடல்ல வச்சுக் காட்டு. சம்மாட்டியும் வரணும், மச்சானும் வரணும். கயிற நீ புடி."

சனிக்கிழமை மத்தியானம் போனோம். சம்மாட்டி, மச்சான், அவன், நான். முயல்தீவுக்குக் கொஞ்சம் வெளியே நங்கூரம் போட்டோம். யாரும் கடலில் இறங்கவில்லை. மச்சானுக்குப் பதிலாகக் கயிற்றில் ஒரு கல்லைக் கட்டிக் கீழே விட்டு என் கையில் கொடுத்தார்கள். என் பழைய பெட்டி பின்னால் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் இருந்தது. டாங்கி வால்வுக்கு அருகில் சம்மாட்டியே உட்கார்ந்துகொண்டார். எஞ்சினைக் கிளப்பினார்கள். நான் முன்னால் பார்த்து நிற்க வேண்டும், அலாரம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

சுலபம் என்று நினைத்தேன். அடிக்கப் போகிறது என்று எனக்குத் தெரியும். அதன் குரல் எப்படி இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். எஞ்சின் அதிர்ச்சி உள்ளங்கால் வழியாக ஏறிப் பல்லுக்குள் வந்தது. அலை பக்கவாட்டில் அறைந்தது. கல்லின் பாரத்தில் கயிறு விரலை அறுத்தது. தோழன் ஒரு பைச் சங்கைத் தூக்கி எனக்குப் பின்னால் தளத்தில் கொட்டினான். கடகடவென்று அது கொட்டி முடிப்பதற்குள் "கயிறு தளருது பாரு, ஏத்து" என்றான். ஏற்றினேன். மறுபடி சங்குகளை அள்ளிப் பையில் போட்டான். மறுபடி கொட்டினான். மச்சான் எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். தாங்காமல் திரும்பிக் கத்தினேன்: "எப்போ வால்வத் தொறக்கப் போறீங்க?"

சம்மாட்டி எஞ்சினை அணைத்தார். கடல் திடீரென்று பெரிதாகிவிட்டது போல இருந்தது.

"ரெண்டு வாட்டி தொறந்து மூடியாச்சு" என்றார். "ரெண்டு வாட்டியும் அடிச்சிட்டு. பக்கத்துல இருந்த எனக்கே லேசாத்தாம் கேட்டுது."

 சம்மாட்டி ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டு, தோழனைப் பார்க்காமலே, "திங்கக்கெழம நம்ம மத்த வள்ளம் போகுது. கயிறுக்கு ஆளு இல்ல. வந்துரு" என்றார்.

அவன் என்னிடம் வந்து கயிற்றை வாங்கினான். நான் மணிக்கட்டில் சுற்றி வைத்திருந்ததைப் பார்த்து, "கையச் சேத்து இழுத்துட்டுப் போயிரும்லே, இப்படியா சுத்துவாவ" என்று சுற்றை அவிழ்த்தான். கல்லை மேலே இழுத்தான். பிறகுதான் கேட்டான்.

"அலாரம் யாரு செய்யுதா?"

"கடையிலயே வாங்கிருவோம்" என்றார் சம்மாட்டி.

"அப்ப வாரேன்."

என் புதுப் பெட்டி பையில் காலடியிலேயே இருந்தது. வெளியே எடுக்கவில்லை. எஞ்சினை மறுபடி கிளப்பினார்கள்.